ஒரு சிட்டிகை சாம்பிராணி

போன இதழில் பழைய ரோமானியர்கள் வீட்டில் தெய்வத்துக்குப் புகை காட்டியதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு பினாங்குத் தீவிலிருந்தும் அக்கரையில் பட்டர்வொர்த், பிறை பக்கமிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இடம் இருக்கிற வரைக்கும் பதில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, ‘கிளாடியேட்டர்’ படத்தில் அந்த வீரன் மனைவி, மகன் உருவில் சின்னச் சின்னப் பொம்மைகளை வைத்துக் கும்பிடுகிறானே, அது உண்மையா, படத்துக்காகச் செய்ததா? ரோமானியர் வீட்டில் நம்மைப்போல் சாமி மேடை இருந்ததா?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: பொம்மை வைத்துக் கும்பிட்டது உண்மை. யாருடைய பொம்மை என்பதில்தான் அந்த 2000-ஆம் ஆண்டுப் படம் தன் வழியில் போகிறது. ரோமானியர் வீடுகளில் சின்ன வெண்கலச் சிலைகள் இருந்தன, அவை லார் என்ற வீட்டுக் காவல் தெய்வங்களின் சிலைகள். ஊரில் உயிரோடு இருக்கிற மனைவி, மகன் உருவத்தை வைத்துக் கும்பிடுவது படத்துக்காகச் சேர்த்ததாகவே எனக்குப் படுகிறது. இறந்த முன்னோர்களை அவர்களும் மறக்கவில்லை. பிப்ரவரி 13 தொடங்கி ஒன்பது நாள் அதற்கென்றே இருந்தது, கல்லறைக்குப் போய்ப் பூவும் தானியமும் கொஞ்சம் உப்பும் வைத்துவிட்டு வருவார்கள்.

சாமி மேடைக்கு லராரியம் என்று இன்று பெயர் சொல்கிறோம். வசதியான வீட்டில் முற்றத்தில் குட்டிக் கோயில் மாதிரி இருக்கும், மற்ற வீட்டில் அடுப்படிச் சுவரில் ஒரு மாடம், அதுவும் இல்லையென்றால் சுவரில் வரைந்த படம் மட்டும். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலுக்குள் போன பொம்பெய் நகரத்தில் இப்படி நிறையக் கிடைத்திருக்கின்றன. அங்கே வெத்தி வீடு என்று ஒன்று, பல வருஷம் பழுதுபார்த்து 2023 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். அந்த வீட்டு மாடத்தில் ஓர் ஓவியம். நடுவில் தலைக்கு முக்காடு போட்டு நிற்பவர் கெனியுஸ், குடும்பத் தலைவரோடு கூடப் பிறந்த காவல் சக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மதுக் கொம்பைத் தூக்கிப் பிடித்து ஆடுகிற இரண்டு லார்கள். கீழே நெளிந்து வருகிற பெரிய பாம்பு. நாகர் சிலைக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பாம்பைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிடும். ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது கெனியுஸின் கையை. ஒரு கையில் படையல் தட்டு, இன்னொரு கையில் ஒரு சின்னப் பெட்டி. அதற்கு அகெர்ரா என்று பெயர், சாம்பிராணிப் பெட்டி! வீட்டின் ஆன்மாவையே வரையும்போது அதன் கையில் வாளைக் கொடுக்கவில்லை, பணப்பையைக் கொடுக்கவில்லை, சாம்பிராணிப் பெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது எனக்குத் தோட்டத்து லயத்தில் எங்கள் பாட்டி மூடி போன ஓவல்டின் டப்பாவில் சாம்பிராணியை இடித்து வைத்திருந்தது கண்முன் வந்தது.

பாட்டி மாதிரியே அங்கும் இது வீட்டுப் பெண்கள் கையில் நிறைய இருந்தது. காட்டோ என்பவர் கி.மு. 160 வாக்கில் பண்ணை நடத்துவதைப் பற்றி எழுதியபோது, பண்ணை வீட்டைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரி மாதப் பிறப்பிலும் அப்புறம் அந்த மாதத்திலேயே வருகிற இன்னும் இரண்டு குறித்த நாட்களிலும் திருநாட்களிலும் அடுப்புக்கு மேல் மாலை தொங்கவிட்டு லாரைக் கும்பிடவேண்டும் என்று எழுதி வைத்தார். அந்தக் காரியக்காரியே ஓர் அடிமைப் பெண்தான். அவருக்கும் முன்னால், இன்றைக்குச் சுமார் 2200 வருஷத்துக்கு முன், ப்ளாவுட்டஸ் என்ற நாடக ஆசிரியர் ஒரு நாடகத்தைத் தொடங்குவதே வீட்டு லார் மேடையில் வந்து பேசுவதாகத்தான். இந்த வீட்டுத் தாத்தா அடுப்புக்குக் கீழே தங்கத்தைப் புதைத்து என்னிடம் ஒப்படைத்தார், மகன் என்னைக் கவனிக்கவில்லை, பேரனும் கவனிக்கவில்லை, பேரனின் மகள் மட்டும் தினமும் சாம்பிராணியோ மதுவோ ஏதோ ஒன்று எனக்குத் தருகிறாள், மாலை போடுகிறாள், அவள் கல்யாணத்துக்கு ஆகட்டும் என்றுதான் அவள் அப்பன் கண்ணில் அந்தப் புதையலைக் காட்டினேன், என்கிறார் அந்தத் தெய்வம். யாகம் இல்லை, பலி இல்லை, அந்தப் பெண் தினமும் ஒரு சிட்டிகை போட்டாள், அதைத் தெய்வம் கணக்கு வைத்திருந்தது. ரோமானியரின் வீட்டு வழிபாட்டை எனக்கு நெருக்கமாக ஆக்கியது இந்தக் கதைதான்.

கேள்வி: அவர்கள் போட்டது நாம் கடையில் வாங்குகிற அதே சாம்பிராணிதானா?
(வாசகர், பிறை)

பதில்: இல்லை, மரமே வேறு. ரோமானியர் ‘துஸ்’ என்று சொன்னது பாஸ்வெல்லியா மரத்துப் பிசின், ஓமானின் தோஃபார் பக்கம், ஏமன், சோமாலியா, இங்கெல்லாம் வளர்கிற வறண்ட நிலத்து மரம். பட்டையைக் கீறிவிட்டால் பால் வடிந்து முத்து முத்தாகக் கெட்டியாகும். நம்மவர்கள் அதைக் குந்துருக்கம், பரங்கிச் சாம்பிராணி என்பார்கள். லெபோ பசார் கடையில் நாம் வழக்கமாக வாங்குவதோ இந்தப் பக்கத்துக் காட்டு மரத்துப் பிசின், மலாயில் கெமெஞான், சுமத்ராவில் பேர்போனது. அரபு வியாபாரிகள் அதை லுபான் ஜாவி, அதாவது ஜாவா சாம்பிராணி என்றார்கள், அந்தப் பெயர்தான் ஐரோப்பியர் வாயில் தேய்ந்து தேய்ந்து பென்சாயின் ஆனது. ஆக ரோமானியருக்கு அது கடல் தாண்டி வந்த அரும்பொருள், நமக்கு இது பக்கத்து வீட்டுச் சரக்கு.

எவ்வளவு அரும்பொருள் என்று கேட்டால் பிளினி என்ற ரோமானிய அறிஞர் விலையே எழுதி வைத்திருக்கிறார், முதல் தரம் ஒரு ராத்தலுக்கு 6 தெனாரியஸ் (அவர்களுடைய வெள்ளிக் காசு), அடுத்தது 5, அதற்கடுத்தது 3. அதே காலத்தில் நம் கறுப்பு மிளகு 4. ஒரு படைவீரனுக்கு வருஷச் சம்பளமே 225 தெனாரியஸ்தான், அப்படியானால் முதல் தரச் சாம்பிராணி ஒரு ராத்தல் வாங்க ஏறக்குறைய பத்து நாள் கூலி போய்விடும். அரேபியாவிலிருந்து காஸா துறைமுகம் வரை ஒட்டகத்துக்கு 65 தங்கல், வழியெல்லாம் வரி, தண்ணீருக்குக் காசு, தீவனத்துக்குக் காசு, கடற்கரைக்கு வந்து சேர்வதற்குள் ஓர் ஒட்டகத்துக்கு 688 தெனாரியஸ் செலவு என்கிறார். அலெக்சாந்திரியாவில் இதைச் சுத்தம் செய்கிற பட்டறைகளில் வேலையாட்களின் முகத்தில் முகமூடியோ நெருக்கமான வலையோ போட்டு, கச்சையில் முத்திரை வைத்து, வேலை முடிந்து போகும்போது எல்லாத் துணியையும் கழற்றச் சொல்லிச் சோதித்து அனுப்புவார்களாம். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. வீட்டுக்கு வீடு சாமிக்கு முன்னால் மணத்தது அந்த மனிதர்களின் கை பட்ட பொருள், அதில் ஒரு துண்டுகூட அவர்கள் வீட்டுத் தெய்வத்துக்குப் போகக்கூடாது என்று அத்தனை காவல்.

ரோமப் பேரரசர் நீரோ தன் மனைவி போப்பேயாவின் ஈமச்சடங்கில் எரித்த அளவுக்கு அரேபியாவில் ஒரு வருஷம் முழுக்க விளையாது என்றும் அதே பிளினி குறைபட்டுக்கொள்கிறார். ஆனால் வீட்டில் யார் ராத்தல் கணக்கில் எரிப்பார்கள்? சிட்டிகைதான். அதுவும் முடியாதவர்களுக்கு உள்ளூர்ச் சரக்கு இருந்தது. பொம்பெய் வீடுகளில் படையலில் கருகிய பைன் கூம்பும் அத்திப்பழமும் கிடைத்திருக்கின்றன, பைன் கூம்பை நெருப்பில் போட்டால் அதன் பிசினே மணக்கும். ஆதியில் வெளிநாட்டுச் சாம்பிராணியும் இல்லை, இந்தியாவின் கோஷ்டம் என்ற மணவேரும் வரவில்லை, உள்ளூர்ச் செடியும் படபடவென்று வெடிக்கிற லாரல் இலையுமே பீடத்துக்குப் போதுமாக இருந்தன என்று கவிஞர் ஓவிட் எழுதுகிறார். நம் கோஷ்டம் அவர் பாட்டில் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: சங்க இலக்கியத்தில் வீட்டு வழிபாட்டுப் புகை உண்டா? ரோமோடு நமக்கு இந்த விஷயத்தில் கொடுக்கல் வாங்கல் இருந்ததா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், நிபோங் தெபால்)

பதில்: ஐயா, நெடுநல்வாடையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மழைக்கால மாலையில் பெண்கள் இரும்பு விளக்கில் ஈரத் திரியை ஏற்றி ‘நெல்லும் மலரும் தூஉய்க் கைதொழுது’ நிற்கிறார்கள். அது வீட்டு வழிபாடு, அச்சு அசலாக. சில வரி தள்ளி ‘இருங்காழ் அகிலொடு வெள்அயிர் புகைப்ப’ என்று வருகிறது, அந்தப் புகை குளிருக்கும் மணத்துக்குமானது. வழிபாடும் வாசனையும் அடுத்தடுத்த அறையில் இருக்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான், அதற்கு மேல் இழுத்துப் பொருள் சொல்ல நான் தயாரில்லை.

கொடுக்கல் வாங்கல் நிச்சயம் இருந்தது. யவனர் கப்பல் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று முசிறியைப் பற்றி அகநானூறு 149 சொல்கிறதே (கறி என்றால் இங்கே மிளகு), அதே கடல்வழியில் மிளகு போனது, நறுமணப் பொருள்கள் போயின, அந்தப் பக்கத்துச் சாம்பிராணி இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. பட்டினப்பாலையில் புகார்த் தெருவில் குவிந்து கிடக்கிற சரக்கில் ‘காழகத்து ஆக்கம்’ என்று ஒன்று. நச்சினார்க்கினியர் காழகத்தைக் கடாரம் என்று உரை எழுதுகிறார். கடாரம் என்றால் நம் கெடா, நிபோங் தெபாலிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் காரில் போனால் குனோங் ஜெராய் மலை தெரிகிற அதே மண். அகில் மரம் இன்றும் இந்தக் காடுகளில் உண்டு, மலாயில் காஹாரு. திருட்டு வெட்டு தாங்காமல் 1995 முதல் அதன் உலக வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. இன்னொன்று சொல்லிவிட வேண்டும், நம் ‘அகில்’ என்ற சொல்லைக் கேட்ட போர்த்துகீசியருக்கு அது கழுகைக் குறிக்கிற அவர்கள் சொல் மாதிரியே ஒலித்ததால்தான் ஐரோப்பாவில் அதற்குக் கழுகு மரம் என்று பெயர் நின்றுவிட்டது என்பார்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் கொண்டோ நிர்வாகத்திலிருந்து கடிதம் வருகிறது. என்ன செய்வது அக்கா?
(வாசகி, ஜெலுத்தோங்)

பதில்: எனக்கும் ஒரு முறை வந்தது. மேல் வீட்டுக் குழந்தைக்கு ஆஸ்துமா என்று அப்புறம்தான் தெரிந்தது, கோபம் போய் வெட்கமாகிவிட்டது. நீங்களே போய்ப் பேசுங்கள். கரி நன்றாகச் சிவந்து மேலே சாம்பல் பூத்த பிறகு போடுங்கள், பாதி பிடித்த கரியில் போட்டால்தான் கண் எரிகிற புகை. ஒரு சிட்டிகை போதும். சன்னலைத் திறந்து வையுங்கள், தூபக்காலைத் திரைச்சீலைப் பக்கம் வைக்காதீர்கள், குழந்தையும் முதியவரும் இருக்கிற அறைக்குள் புகையோடு போகாதீர்கள், எந்தப் புகையும் நெஞ்சுக்கு நல்லதில்லை. மின்சாரத் தூபக்காலும் இருக்கிறது, பிசின் உருகி மணம் வரும், புகை குறைவு.

நிர்வாகம் கடிதம்தான் போடுகிறது, கி.பி. 392-இல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் போட்டது சட்டம். வீட்டுக்குள் ரகசியமாகக்கூட லாருக்கு நெருப்பு, கெனியுஸுக்கு மது, பெனாத்துகளுக்கு நறுமணம் என்று எதையும் கொடுக்கக்கூடாது, விளக்கேற்றக்கூடாது, சாம்பிராணி போடக்கூடாது, மாலை தொங்கவிடக்கூடாது. சாம்பிராணிப் புகை எழுந்தது என்று உறுதியானால், அந்த இடம் புகை போட்டவருக்கே சொந்தமாக இருக்கும் பட்சத்தில், அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். பெனாத்துகள் என்பவை வீட்டுக் களஞ்சியத்தைக் காக்கிற தெய்வங்கள், அரிசிப் பானைக்குக் காவல் மாதிரி. கோயில்களை மூடியது பெரிய செய்தி, அது எல்லா வரலாற்றிலும் இருக்கிறது. அடுப்படி மாடத்தில் எழுகிற ஒரு நூல் புகைக்காக வீட்டையே பறிப்போம் என்றதுதான் என்னால் கடந்து போக முடியாத வரி. அந்த அளவுக்குச் சட்டம் இறங்கி வரவேண்டியிருந்தது என்றால் எத்தனை வீடுகளில், எத்தனை பெண்கள், கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்!

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. மலாய்ப் பேய்ப் படங்கள் பார்த்துவிட்டு, நான் சாம்பிராணி போட்டால் ‘அம்மா, பேய் வரும்’ என்று அழுகிறாள். சினிமா ஏன் இந்த வாசனையை இப்படிக் கெடுத்தது?
(வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: சினிமாவுக்கு மூக்கு இல்லை, அதுதான் முதல் காரணம். மணம் வரவேண்டும் என்று அவர்கள் முயலாமல் இல்லை. 1959 டிசம்பரில் நியூயார்க்கில் ஓர் அரங்கில் குளிர்சாதனக் குழாய் வழியே வாசனை விட்டார்கள், ஒரு மாதத்தில், 1960 ஜனவரியில், ‘ஸ்மெல்-ஓ-விஷன்’ என்று இன்னொரு படம், ஒவ்வோர் இருக்கைக்கும் குழாய் வைத்து 30 வாசனை. குழாய் உஸ் என்று சத்தம் போட்டது, மாடியில் உட்கார்ந்தவர்களுக்கு வாசனை காட்சி முடிந்த பிறகு வந்து சேர்ந்தது, கடை மூடியாயிற்று. 1981-இல் இன்னொருவர் எண் போட்ட அட்டையைக் கையில் கொடுத்துச் சுரண்டி முகரச் சொன்னார். இன்று 4டிஎக்ஸ் அரங்கில் நாற்காலி ஆடுகிறது, வாசனையும் வீசுகிறது. எதிலும் வீடு மணக்கவில்லை. மணம் உடனே போகவேண்டும், அடுத்த காட்சிக்கு இடம் விடவேண்டும். சாம்பிராணி அப்படிப் போகாது, தலைமுடியில் தங்கும், மறுநாள் காலை பசியாறும்போதும் திரைச்சீலையில் இருக்கும்.

ஆக, மணத்தை விட்டுவிட்டுப் புகையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். புகைக்குப் பின்னாலிருந்து விளக்கைப் போட்டால் அந்த நுண்துகள்கள் ஒளியைக் கேமரா பக்கம் சிதறடிக்கும், வெறும் காற்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், அறை ஆழமாகத் தெரியும், மூலையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாத மூலைதான் பேய்ப் படத்துக்கு மூலதனம். அதோடு மலாய்ச் சமூகத்தில் போமோ என்ற மந்திர வைத்தியர் கெமெஞான் போடுகிற வழக்கம் இருந்தது, திரையில் அவர் உட்கார்ந்து கெமெஞான் தூவினால் அடுத்து என்ன வரும் என்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும். இங்கே பேய்ப் படப் பாரம்பரியத்தைத் தொடங்கிவைத்த 1957-ஆம் ஆண்டு ‘பொந்தியானா’ படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ்தான். நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. அந்தப் படங்களும் இந்த மண்ணின் கதைகள், பார்த்து நானும் பயந்தவள்தான். ஆனால் நூறு படத்தில் புகை பேயோடு வந்து, ஒரு படத்தில்கூடப் பாட்டியோடு வரவில்லையென்றால் குழந்தை என்ன நினைக்கும்?

மகளை ஒரு சாயங்காலம் ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குவான் இன் கோயில் வாசலில் பெரிய பெரிய ஊதுபத்திகள், அங்கிருந்து நடந்தே குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், 1833-இலிருந்து இருக்கிறது. திரும்பும் வழியில் சாலையோரத்துச் சிவப்புக் குட்டிக் கோயிலைக் காட்டுங்கள், சீனர்கள் தத்தோ கோங் என்று கும்பிடுகிற அந்த மண்ணின் காவலருக்கு அவர்கள் வைப்பது மலாய்க்காரரின் கெமெஞானும் வெற்றிலையும். ரோமிலும் தெருச் சந்திகளில் இப்படிச் சின்னக் கோயில்கள் இருந்தன, அதே லார்களுக்கு, அந்தந்தத் தெருக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். பிளினி காலத்தில் ரோம் நகரத்தில் 265 சந்திகள். பிறகு வீட்டில் தூபக்காலில் போடுகிற சிட்டிகையை அவள் கையில் கொடுங்கள். தானே போட்ட புகைக்கு யாரும் பயப்படுவதில்லை.

கேள்வி: பாட்டியைப் பற்றிப் பத்து நிமிடக் குறும்படம் எடுக்கிறேன். சாம்பிராணி மணத்தைத் திரையில் எப்படிக் கொண்டுவருவது?
(கல்லூரி மாணவர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: தம்பி, புகையில் தொடங்காதீர்கள். புகை எந்திரத்தை வாடகைக்கு எடுத்து அறை முழுக்க நிரப்பினால் அது பாட்டு எடுக்கிற தளம் மாதிரி ஆகிவிடும், உங்கள் பாட்டி அதில் காணாமல் போய்விடுவார். கையில் தொடங்குங்கள். டப்பாவைத் திறப்பது, கட்டியை அம்மியிலோ சுத்தியலிலோ நசுக்குவது, மூன்று விரலில் எடுப்பது. கொட்டாங்கச்சிக் கரி படக் படக் என்று வெடிக்கிற சத்தத்தைத் தனியாகப் பக்கத்தில் மைக் வைத்துப் பதிவு செய்யுங்கள், பிசின் விழுந்ததும் ஒரு சீறல் கேட்கும், அதை விடாதீர்கள். அந்தச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் நம் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மணம் தானே வந்துவிடும். புகையைக் காட்டியே ஆகவேண்டுமென்றால் பின்னால் இருட்டு, பக்கத்தில் சன்னல் வெளிச்சம், ஒரு நூல் போதும், நீலமாகத் தெரியும்.

அப்புறம், பாட்டி தூபக்காலை எடுத்துக்கொண்டு எங்கெங்கே போவார் என்று கேட்டு அதே வரிசையில் எடுங்கள். எங்கள் பாட்டி சாமி படம், அரிசிப் பானை, தொட்டில், கடைசியில் வாசல் நிலை என்று போவார், ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போன தாத்தா திரும்பி வராத நாளிலிருந்து வாசலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். உங்கள் பாட்டி எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அங்கே கேமராவை வைத்துவிட்டு வெட்டாமல் காத்திருங்கள்.